மூன்றாய் மடித்த சட்டை

பையைத் திறந்தாள். நாற்றமே இல்லை.

கட்டிலின் மேல் அதைக் கவிழ்க்கப் போனவள் அப்படியே நின்றாள். உள்ளே சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. துவைத்தவை. பித்தான்கள் எல்லாம் இருந்தன. போன வருடம் போகும்போது அறுந்திருந்த பித்தான்கூட, வேறு நிற நூலில் தைக்கப்பட்டு, இருந்தது.

வருடா வருடம் அவள் கணவர் ஒரு மூட்டை அழுக்கோடுதான் வருவார். தீவில் மோட்டார் வண்டி கிடையாது. எந்தக் காலத்திலோ இங்கே ஓய்வெடுக்க வந்த ஓர் அரசர் சத்தம் ஆகாதென்று போட்ட உத்தரவு, அரசர் போய், அரசும் போய், இன்னும் நடப்பில் இருந்தது. படகுத்துறையிலிருந்து குன்றுமேல் இருக்கும் பழைய கோட்டை வரைக்கும், கோட்டைக்குக் கீழே நீண்ட வராந்தாவோடு நிற்கும் பெரிய ஓட்டல் வரைக்கும் எல்லாம் குதிரை வண்டிதான். சீசன் முடிந்து கடல் கொந்தளிக்கத் தொடங்குமுன் கடைசிப் படகில் குதிரைகள் அக்கரைப் பண்ணைக்குப் போகும். அவரைப் போன்ற வண்டிக்காரர்களும் கூடப் போவார்கள். அவள் போக முடியாது. ஓட்டலின் கம்பளிகளும் திரைகளும் ஆளில்லாத மாதங்களில்தான் துவைக்கப்பட வேண்டும். சலவைக்கூடத்தின் பின்னால் இருக்கும் அந்த அறை அவளுக்குக் கிடைத்திருப்பதே அதற்காகத்தான்.

அதனால் வருடத்தில் பாதி அவர் இல்லாத பாதி. அந்தப் பாதியை அவள் சீசனின் முதல் நாள் தொட்டித் தண்ணீரில் பார்ப்பாள். ஊறப்போட்டதும் தண்ணீர் பழுப்பாகும். வைக்கோல் தூசு மிதக்கும். குதிரை வியர்வை, புகையிலை, மண்ணெண்ணெய். எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கினார், எதைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார் என்றுகூட அவளால் சொல்ல முடியும். கசக்கிக் கசக்கி அந்த அரை வருடத்தைத் தன் கையால் வெளியேற்றிய பிறகுதான் அவர் வீட்டுக்கு வந்ததாக அவளுக்குத் தோன்றும்.

இப்போது அவர் துவைத்த துணியோடு வந்திருக்கிறார்.

ஒரு சட்டையை எடுத்துப் பார்த்தாள். கைகளை உள்ளே செருகி, நீளவாக்கில் மூன்றாக மடித்து, காலர் வெளியே தெரியாமல் உள்ளே புதைத்திருந்தது. அவள் அப்படி மடிக்க மாட்டாள். அவளுடைய மடிப்பில் காலர்தான் முதலில் தெரியும். சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு மடிப்பு என்பது முகம் மாதிரி. குவியலில் யார் மடித்தது எது என்று கேட்டால் கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிச் சொல்வார்கள்.

இது ஒரு பெண்ணின் கை. அவள் அதில் சந்தேகப்படவே இல்லை.

அந்தப் பெண் யாரென்பதும் காலையிலேயே கண்ணில் பட்டிருந்தது. முதல் படகு வரும்போது எல்லாரும் துறைக்குப் போய் நிற்பார்கள். ஆட்களுக்கு முன்னால் குதிரைகள்தான் இறங்கும். நடுக்கத்தோடு பலகையில் கால் வைக்கும் அவற்றைப் பார்த்துக் கை தட்டுவார்கள். இந்த வருடம் ராணி என்ற, அவர் வண்டியின் சாம்பல் குதிரையைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கியது அவள் கணவர் இல்லை. பனை மாதிரி வளர்ந்த ஒருத்தி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் முண்டாசு. அவளுக்குப் பின்னால், சுற்றுலா வந்தவர் மாதிரி வெறுங்கையோடு அவர்.

"இவங்கதான் உங்க வீட்டம்மாவா, அண்ணே?" என்றாள் அந்த நெட்டச்சி, கூட்டத்துக்கே கேட்கிற குரலில். "நான் நினைச்சதைவிடக் குட்டையா இருக்காங்க!"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "பண்ணையில வேலை செஞ்ச பொண்ணும்மா. லாயத்துக்கு ஒரு கை கூட வேணும்னு முதலாளி வரச் சொல்லிட்டாரு."

அண்ணே. அந்தச் சொல்லை அவள் நாள் முழுதும் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புரண்டு விழுந்த காசை எந்தப் பக்கம் என்று பார்க்கிற மாதிரி. அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எதுவும் செய்யலாம், எங்கேயும் நிற்கலாம்.

*

சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளோடு தொட்டியில் நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்துவதற்குத்தான் திருகு இல்லை. ஓட்டலில் யாரும் வாய் திறந்து சொல்லாததெல்லாம் இவர்கள் இருவருக்கும் தெரியும். விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகள் சொல்லும்.

"பன்னெண்டாம் நம்பர் ரூமைப் பாருக்கா. ரெண்டு தலையணை உறை, ஒண்ணு கசங்கவே இல்ல. அந்த ஆளு சோபாவுல படுத்திருக்கான்."

"கல்யாணமாகி ஒரு வாரம்தானே ஆகுது?"

"அதான். ஒரு வாரத்துல சோபாவுக்குப் போயிட்டான்னா, அடுத்த சீசனுக்கு வராந்தா நாற்காலிதான்." ரேடியோ விரிப்பை ஆவியில் தள்ளிவிட்டு, குரலைக் குறைத்தாள். அவள் குரலைக் குறைத்தால் அடுத்த அறைக்கு மட்டும் கேட்கும். "உன் வீட்டுக்காரர் எங்க படுக்கிறாரு?"

"எங்க படுப்பாரு. கட்டில்லதான்."

பொய். வந்த நாளிலிருந்து அவர் தரையில் படுத்தார். மெத்தை சுடுகிறது என்றார். மல்லாக்கப் படுத்து, கூரையைப் பார்த்தபடி, கட்டிவைத்த மரம் மாதிரி. அவள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவள் கையை நீட்டித் தோளைத் தொட்டால், தொட்ட இடம் கல்லாகும்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா," என்றாள் ரேடியோ. "ஆனா காலைல லாயத்துப் பக்கமா வந்தேன். அந்த நெட்டச்சி வண்டி இழுக்கிற கழுத்துப் பட்டையைத் தூக்கிக் குதிரைக்கு மாட்டுறா. இவரு பக்கத்துல நின்னு வார் மட்டும் இறுக்குறாரு. மகாராஜாதான் போ. உன் ஆளு எவனையாவது அந்தப் பட்டையைத் தொட விட்டிருக்காரா?"

விட்டதில்லை. வண்டியின் தோல் சாமான்களை அவர் எண்ணெய் போட்டுத் துடைத்து ஆணியில் மாட்டிவைப்பார். இன்னொருத்தர் கை பட்டால் அன்றைக்கு முழுதும் முறைப்பு. ஒருமுறை மழையில் நனைகிறதே என்று அவள் எடுத்து உள்ளே வைத்ததற்கே, "உன் இஸ்திரிப் பெட்டியை நான் தொடுறேனா?" என்று கேட்டவர்.

இஸ்திரிப் பெட்டி அவள் கையில் கனத்தது. துணியில் மஞ்சளாக ஒரு முக்கோணம் விழுந்தது. இத்தனை வருடத்தில் அவள் துணியைக் கருக்கியது அதுவே முதல் தடவை.

பொறாமை வயிற்றில் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது கண்ணில் இருந்தது. பார்க்கும் எதுவும் சும்மா இருக்கவில்லை. அவர் பல் தேய்ப்பதில், டீயை ஊதுவதில், செருப்பைக் குனிந்து எடுக்காமல் காலாலேயே துழாவி மாட்டுவதில், எல்லாவற்றிலும் அவளுக்குத் தெரியாத ஓர் அரை வருடம் ஒளிந்திருந்தது. தன் கணவரை யாரோ எடுத்துப் படித்துவிட்டு, பக்கத்தை மடக்கிவைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

சாயங்காலம் அவருக்கு மீன் வறுத்துப் போட்டாள். அவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டை நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பிடித்துச் சாப்பிட்டார்.

"இது என்ன புதுப் பழக்கம்? தட்டு என்ன ஓடிப்போயிடுமா?"

"இப்படித்தான் வசதியா இருக்கு."

"எல்லாமே வசதியாத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கீங்க. சட்டையெல்லாம் யாரு துவைச்சது?"

மீனில் முள் இல்லாத இடத்தில் அவர் முள்ளைத் தேடினார். "நானேதான்."

"நீங்களா."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"பித்தானும் நீங்கதானா?"

"ஆமாம்மா."

"நல்லது. அப்ப இனிமே நான் எதுக்கு?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்து, ரொட்டியைப் போட்டு அடைத்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்றுதான் இத்தனை நாள் அவரை நம்பியிருந்தாள். ஒரு பொய்யும் சரியாகச் சொல்லத் தெரியாதவர் அதைச் சொல்லியே தீர வேண்டும் என்று இருக்கிறார் என்றால், அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

*

லாய முதலாளி சீசனில் மட்டும் தீவுக்கு வருபவர். வண்டிகளும் குதிரைகளும் அவருடையவை. கோட்டைக்குப் போகும் பாதையின் திருப்பத்தில், டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அவள் ஓட்டலின் மேஜை விரிப்புகளை இடுப்பில் அணைத்தபடி போய் நின்றாள்.

"ஒரு விஷயம்யா. தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"லாயத்துக்கு மேல அந்தப் பொண்ணு தனியாத் தங்கியிருக்கு. பெரிய பெரிய குடும்பமெல்லாம் வந்துபோற இடம். பாக்கிறவங்க நாலு விதமாப் பேசுவாங்க. ராணியைப் பாத்துக்க எங்க வீட்டுக்காரரே போதுமேய்யா. இத்தனை வருஷம் அவர்தானே பாத்தாரு?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "நானாம்மா அவளை வரச் சொன்னேன்? உன் புருஷன்தான் கேட்டான். குதிரை அவ கையால கொடுத்தாத்தான் திங்குது, அவ இல்லாம முடியாதுன்னு ஒரே பிடியா நின்னான்."

முதலாளி வரச் சொன்னார் என்றல்லவா துறையில் எல்லார் முன்னாலும் அவள் கணவர் சொன்னார்?

அவள் முகத்தைப் பார்த்த முதலாளிக்கு எல்லாம் புரிந்த மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. ஆண்கள் இப்படிச் சிரிப்பதுண்டு. "சரி சரி. எனக்கு எதுக்கு வம்பு. சனிக்கிழமை படகுல அனுப்பிடறேன். உன் புருஷனுக்கு நான் சொல்லிக்கிறேன், ஆள் அதிகமாயிடுச்சுன்னு."

திரும்பி நடந்தபோது விரிப்புகள் பஞ்சு மாதிரி இருந்தன. வராந்தாவில் வெள்ளை நாற்காலிகளில் சாய்ந்து கடலைப் பார்த்தவர்களை அவளும் ஒரு நிமிடம் பார்த்தாள். தனக்கும் ஒரு நாற்காலி கிடைத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் அறைக்குப் போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை.

செய்தி கேட்டு வந்த அவர் கோபப்படவில்லை. கோபத்தைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பதிலும் வைத்திருந்தாள். அவரோ கட்டிலின் விளிம்பைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். முகம் சாம்பல் மாதிரி இருந்தது.

"நெட்டச்சியைப் போகச் சொல்லிட்டாரு," என்றார்.

"அதுக்கு நீங்க ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

பயம். அவர் முகத்தில் இருந்தது பயம். அதைப் பிரிவுத் துயரம் என்று அவள் படித்தாள்.

*

சனிக்கிழமை காலை மூடுபனி. துறையில் படகின் ஊதல் கேட்டது, படகு தெரியவில்லை. சலவைக்கூடத்துக் கொடியில் காய்ந்த தன் துணிகளை எடுத்துப் போக நெட்டச்சி வந்தாள். ரேடியோ மேல்மாடி விரிப்புகளை எடுக்கப் போயிருந்தாள். கூடத்தில் இவர்கள் இருவரும்தான்.

"வரேங்கக்கா," என்றாள் நெட்டச்சி.

"ம்."

கொடியிலிருந்து ஒரு பாவாடையை உருவினாள். இரண்டு கையாலும் முறுக்கி, முழங்காலில் வைத்துச் சுருட்டி, பைக்குள் குத்தினாள். அடுத்து ஒரு சட்டை. அதையும் சுருட்டினாள். குதிரைக் கம்பளத்தைச் சுருட்டுகிற மாதிரி.

இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"துணியை மடிக்க மாட்டியா நீ?"

"எங்கக்கா மடிக்கிறது. எனக்கு அதெல்லாம் வராது. எங்கம்மா திட்டித் திட்டி ஓஞ்சுட்டாங்க."

"எங்க, இந்தத் துண்டை மடி பாக்கலாம்."

"படகுக்கு நேரமாச்சுக்கா."

"மடிடி!"

அந்தக் குரலுக்கு நெட்டச்சி பயந்துபோய்த் துண்டை வாங்கினாள். இரண்டாக மடித்தாள். ஓரம் சேரவில்லை. திரும்ப மடித்தாள். கோணலாகப் போனது. கடைசியில் வெட்கத்தோடு அதையும் சுருட்டி நீட்டினாள்.

அப்படியானால் அந்தக் கை யாருடையது?

அலமாரிக்குப் போய், இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த அவர் சட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "இது யாரு மடிச்சது? பொய் சொல்லாத. உனக்குத் தெரியும்."

நெட்டச்சி சட்டையைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"அண்ணன் சொல்லவே இல்லையா? இன்னுமா?"

"என்ன சொல்லல?"

"நான் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேங்க்கா."

"நீதான் போயிட்டிருக்கியே. இனிமே என்ன சத்தியம்?"

நெட்டச்சி பையைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் உயரமாகத்தான் இருந்தாள். "அது ஆஸ்பத்திரி மடிப்பு," என்றாள். "அங்க வார்டைப் பாத்துக்கிற ஒரு அம்மா இருந்துச்சு. எழுந்து உட்கார முடிஞ்சவங்க எல்லாம் அவங்கவங்க துணியை அவங்களே மடிச்சாகணும். ஒழுங்கா மடிக்கலன்னா டீ கிடையாது. அண்ணனுக்கு நூல் கோக்கக்கூட அதுதான் சொல்லிக்கொடுத்துச்சு."

மழைக்காலத் தொடக்கத்தில், பண்ணை லாயத்தின் தரைப்பலகை ஈரமாக இருந்திருக்கிறது. ராணி வழுக்கி, அவரையும் சேர்த்துச் சுவரில் அடித்துவிட்டது. விலா எலும்பு, முதுகு. ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. எடை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் மற்ற வண்டிக்காரர்களும் அதை வெளியே விடவில்லை.

"அதான் நான் வந்தேன். தூக்குறதெல்லாம் நான் தூக்கிடறேன், நீங்க ஓட்டுங்கன்னேன். வெளியில குதிரையைச் சாக்கு சொன்னோம். அது எவன் கொடுத்தாலும் திங்கும், தின்னிக் கழுதை."

"ஞாயித்துக்கிழமையெல்லாம் போன் பண்ணாரே." அவள் குரல் தனக்கே தூரமாகக் கேட்டது. ஓட்டல் காவலாளி வந்து கூப்பிடுவார், ஈரக் கையோடு ஓடுவாள். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். ஒரு முறை பின்னால் சக்கரம் கிறீச்சிடும் சத்தம். என்ன அது என்று கேட்டதற்கு, கடையில் சாமான் இறக்குகிறார்கள் என்றார்.

"அது வார்டு போனுங்கக்கா. நான்தான் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். படகு ஓடாத நாள்ல சொல்லி என்ன ஆகப்போகுது, அவ கடற்கரையில உட்கார்ந்து செத்துப் போயிடுவான்னு சொல்வாரு. போனை வெச்சதும் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்குவாரு. ஒரு தடவை அழுதுட்டாரு."

"அழுதாரா?"

"குழந்தை மாதிரி."

அவருடைய அம்மா இறந்தபோது அவர் அழவில்லை. அந்தக் கண்ணீர் எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியாது. கன்னத்தில் ஓடுமா, கண்ணிலேயே நிற்குமா? இந்த நெட்டச்சிக்குத் தெரியும். வேறு எதுவாக இருந்தாலும் கத்தியிருக்கலாம், தலைமயிரைப் பிடித்திருக்கலாம். இதற்கு என்ன செய்வது?

"உங்களைப் பத்தியேதாங்கக்கா பேசுவாரு. அவ இப்படிக் காய வைப்பா, அவ இப்படி இஸ்திரி போடுவான்னு. கேட்டுக் கேட்டு எனக்கு உங்க மேல கடுப்பே வந்துடுச்சு." நெட்டச்சி சிரித்தாள். பிறகு சிரிப்பு தேய்ந்து, பூட்ஸ் முனையைப் பார்த்தபடி சொன்னாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து கிளம்புற அன்னிக்கு அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆக, தான் முழுக்கத் தப்பாகவும் படித்துவிடவில்லை என்று இஸ்திரி நினைத்தாள். கறை இருந்தது. அவள் தேடிய துணியில் இல்லை, அவ்வளவுதான்.

படகு இரண்டாவது முறை ஊதியது.

முதலாளியிடம் ஓடலாம். பாதையின் திருப்பம் வரைதான் தூரம். நான் சொன்னது தப்பு, அவள் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை. ஏன் என்று அவர் கேட்பார்; கேட்டால் எல்லாம் வெளியே வரும், வண்டி போய்விடும். அதனால்தான் ஓடவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நியாயமான காரணம். ஆனால் அந்தக் காரணம் கிடைப்பதற்கு முன்பே கால்கள் அசையாமல் இருந்தன என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்குக் காலைல கழுத்துப் பட்டையை யாரு தூக்குவா?" என்றாள் நெட்டச்சி, பையை எடுத்துக்கொண்டு. அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நிஜமாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நான்."

"கனமா இருக்கும்."

"நனைஞ்ச கம்பளியை நீ தூக்கிப் பாத்திருக்கியா?"

நெட்டச்சி அவள் கைகளைப் பார்த்துத் தலையாட்டினாள். கதவருகே போனவளை அவள் கூப்பிட்டாள். கூப்பிடுவது கடினமாக இருந்தது.

"இந்தாம்மா. அவர் எழுந்திருக்கிறப்ப... எங்க பிடிக்கணும்?"

நெட்டச்சி திரும்பி வந்தாள். "திரும்பி நில்லுங்க."

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். பெரிய, சொரசொரப்பான உள்ளங்கை ஒன்று அவள் முதுகில், இடது விலாவுக்குச் சற்றுக் கீழே, வந்து தங்கியது.

"இங்க. அழுத்தாதீங்க. சும்மா வெச்சாப் போதும். மூச்சை இழுத்துக்கிட்டு அவரே எழுந்துக்குவாரு. உதவி பண்றோம்னு தெரிஞ்சாக் கோபம் வரும்."

அந்தக் கை இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அங்கே இருந்தது. பிறகு பூட்ஸ் சத்தம் மூடுபனிக்குள் இறங்கிப் போனது.

*

மறுநாள் அவருக்கு முன்னால் அவள் லாயத்தில் இருந்தாள். அவர் வாசலில் வந்து நின்றபோது, கழுத்துப் பட்டையை ஆணியிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். தோலும் இரும்பும் தோளில் இறங்கின. குட்டையாக இருப்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, இரண்டாவது முயற்சியில் ராணியின் கழுத்தில் மாட்டினாள்.

"தலைகீழா மாட்டியிருக்க," என்றார் அவர்.

"சொல்லுங்க, திருப்பறேன்."

வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். வார்களை மடியில் வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் சொன்னது, எப்போது தெரிந்தது என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவளும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். முதலாளியின் கூண்டுவரை நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பட்டையைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். துறையில் அன்றைய முதல் படகு ஊதியது. அவர் எழுந்திருக்கப் போனார். அவள் பின்னால் போய் நின்று, இடது விலாவுக்குச் சற்றுக் கீழே, அழுத்தாமல், உள்ளங்கையை வைத்தாள்.

அவர் முதுகு அந்தக் கையை உடனே அடையாளம் கண்டுகொண்டது. மூச்சை இழுத்து, சாய்ந்து, எழுந்தது. பழகிய முதுகு. இன்னொருத்தி பழக்கிவைத்த முதுகு. அது அவள் உள்ளங்கையில் சுட்டது. எடுக்கவில்லை.

எழுந்து நின்றவர் திரும்பி அவளைப் பார்த்தார். இமை ஓரத்தில் ஈரம் திரண்டு, வழியாமல் நின்றது.

ஆக, கண்ணிலேயேதான் நிற்கும்.

ராணி கழுத்தை நீட்டி, அவள் தலைக்கு மேலாக, வாசலையே பார்த்தது. காதுகள் முன்னால் விறைத்திருந்தன. உயரமான யாரோ உள்ளே வர வேண்டும் என்பதுபோல. அவள் கடிவாளத்தைப் பிடித்து அதன் முகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"யாரைத் தேடுற?" என்றாள். "அவ போயிட்டா. நான்தான் அனுப்பினேன். இனிமே நான்தான்."

சொன்னது குதிரையிடம்தான். அவளுக்குப் பின்னால் வாரை இறுக்கிக்கொண்டிருந்த அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு, இன்னும் ஒரு துளை தள்ளி, இறுக்கியது.